கணியூர் வண்டியும் கிளிப்பச்சைத் துண்டும்

எங்கள் மெக்கானிக்குகள் சங்கத்துக்குப் புதிதாக ஒரு ஸ்கேனர் வந்திருக்கிறது. வண்டியில் அதற்கென்று இருக்கும் சாக்கெட்டில் செருகினால், எது பழுது என்று திரையில் எழுத்து வருகிறது. போன மாதம் அதற்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார்கள். நானும் போயிருந்தேன். தேங்காய்ச் சில்லை மென்றுகொண்டு நின்றபோது செயலாளர் பக்கத்தில் வந்தார்.

"ஜெபமணியண்ணா, சங்க மலருக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுக்கோணுங்க. இந்த மாதிரி மிசின் எதுவும் இல்லாத காலத்துல நீங்க கண்டுபுடிச்ச பெரிய ஃபால்ட்டு ஏதாச்சும்."

போன வருஷ மலரைப் படித்திருக்கிறேன். அதில் எழுதிய எல்லாருமே சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் பழுதைக் கண்டுபிடித்தவர்கள். ஒருவர் செல்போனிலேயே கேட்டுச் சொல்லியிருந்தார். நம்மில் இத்தனை பேர் இவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தால் ஊரில் ஒரு வண்டியும் ரோட்டில் நிற்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டேன். அதனால் நான் கண்டுபிடிக்காத ஒரு பழுதைப் பற்றி எழுதுகிறேன். மலருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும்.

சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு, பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த தாய்மாமா என்னைத் திருப்பூருக்குக் கூட்டி வந்தார். முதல் நாலு வருஷம் பல்லடத்தில் ஒரு லாரிப் பட்டறை. கோழி ஏற்றும் வண்டிகள்தான் அதிகம். அங்கே கற்றதை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். நட்டைக் கழற்றுமுன் அது எங்கே இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கோழி வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது வாயைத் திறந்து பேசக் கூடாது.

அதன்பிறகு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் வண்டி ஷெட்டில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். ஆட்களைக் கொண்டுவரும் பஸ் நாலு, லாரி மூன்று, சின்ன வேன் ஐந்து. ஷெட்டுக்கு ஃபோர்மேன் நாச்சிமுத்து அண்ணன். உள்ளூர்க்காரர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும்.

அவருடைய மரியாதை எனக்குப் பழக ஒரு வருஷம் ஆனது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஷெட்டில் வந்து படுக்கும் நாயையும் "அக்கட்டால போயிப் படுத்துக்கங்க" என்பார். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் ஏலே என்று ஆரம்பிப்போம். இவருக்குக் கோபம் வந்தால் 'ங்க' கூடும். ஒரு வாக்கியத்தில் மூன்று 'ங்க' வந்துவிட்டால் நாங்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

வேலை பார்ப்பதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. வண்டி உள்ளே வந்ததும் யாரும் அதைத் தொடக் கூடாது. முதலில் டிரைவரை ஸ்டூலில் உட்கார வைப்பார். மூன்று கேள்வி கேட்பார். "எப்ப வருதுங்க? அப்ப நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க? என்ன பண்ணுனா போகுதுங்க?" மூன்றாவதற்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வரச்சொல்லி டிரைவரைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. பிறகு எஞ்சின் மூடிமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைப்பார். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு, தண்ணீரையே பார்ப்பார். நடுக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா என்பதை அதில் தெரிந்துகொள்வார். அதன்பிறகுதான் ஸ்பேனர்.

சேர்ந்த புதிதில் ஒரு வேன் ஐடிலில் ஆடிக்கொண்டே வந்தது. ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி ஏற்றிவிட்டேன். ஆட்டம் நின்றது. பெருமையாக நிமிர்ந்தேன். அண்ணன் வந்து ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே இறக்கினார். "காய்ச்சல் தெரியக் கூடாதுன்னு தெர்மாமீட்டர எடுத்து ஒளிச்சு வெக்கறாப்புல இருக்குதுங்க," என்றார். எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாயில் தலைமுடி அகலத்துக்கு விரிசல். அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

அவருடைய இன்னொரு சட்டம் துணியைப் பற்றியது. மற்ற ஊர் மெக்கானிக்குகள் கை துடைக்கப் பனியன் வேஸ்ட்டை விலைக்கு வாங்குகிறார்கள். எங்களுக்குக் கட்டிங் செக்ஷனிலிருந்து மூட்டையாக வந்துவிடும். வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகள், கை வைக்கும் இடத்தில் வெட்டிய பிறை மாதிரியான துண்டுகள், எல்லாம் புத்தம்புதுத் துணி. கம்பெனியில் என்ன ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம்தான் எங்கள் ஷெட்டிலும். ஒரு வாரம் எல்லார் கையிலும் ஊதா, அடுத்த வாரம் மஞ்சள்.

எஞ்சினில் எதையாவது கழற்றினால் திறந்து கிடக்கும் வாயில் நட்டு விழாமல் இருக்க இந்தத் துணியைத்தான் அடைப்போம். அண்ணனின் சட்டம் என்னவென்றால், அடைக்கிற துணிக்கு வால் இருக்க வேண்டும். ஒரு முழம் வெளியே தொங்க வேண்டும், அதையும் பக்கத்தில் ஏதாவது குழாயில் முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். வாலில்லாமல் அடைத்தவனை அன்றைக்கு மூன்று 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

இனி கணியூர் வண்டி.

அது பழைய வேன். முன்சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின், மூன்று சிலிண்டர். ஸ்பேராக ஷெட்டில் நின்றுகொண்டிருந்தது. மார்கழி பிறந்ததும் சாம்பிள் செக்ஷனுக்குக் கணியூரிலிருந்து ஏழு பெண் டெய்லர்களை எடுத்தார்கள். வெளிநாட்டு பையர் முதலில் பார்க்கும் உருப்படியைத் தைக்கிறவர்கள் அவர்கள்தான். அந்தச் சாம்பிள் தாமதமானால் ஆர்டரே கையைவிட்டுப் போகும். அதனால் அவர்களுக்குத் தனி வண்டி. டிரைவரையும் அதே ஊரில் எடுத்தார்கள். பெயர் சின்னச்சாமி. அதுவரை தோட்ட வேலையும் டிராக்டரும் பார்த்தவர். அதிர்ந்து பேசமாட்டார். வண்டியில் வரும் ஏழு பேரில் இரண்டு பேர் அவர் மனைவிக்குச் சொந்தம்.

முதல் வாரத்திலேயே வந்து சொன்னார்.

"அண்ணா, ஓடீட்டு இருக்கறப்பத் தெரியறதில்லீங்க. எங்காச்சும் நின்னா எஞ்சின் ஏறுது, எறங்குது, தூக்கித் தூக்கிப் போடுதுங்க. சிலசமயம் நின்னே போயிருது. ஆனா ஆஃப் பண்ணிப்போட்டு மறுக்கா போட்டா ஒரு பத்து நிமிசம் நல்லாருக்குதுங்க."

அண்ணன் கேட்கும் மூன்று கேள்விக்கும், யாரும் கேட்காமலேயே சின்னச்சாமி பதில் சொல்லிவிட்டார். இன்றைக்கு எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு நான் சொன்னது, "சரி சரி, வண்டிய விட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

டிராக்டர் ஓட்டியவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்புதான். அதற்குள் சின்ன வண்டிகள் முழுக்க என் பொறுப்பு, அண்ணன் பஸ், லாரியோடு சரி. அண்ணன் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார், ஃபோர்மேன் வேலை எனக்கு என்று பேச்சு இருந்தது. ஐடில் ஆடுகிறது என்று போய் அவரிடம் நிற்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

பிளக் மூன்றையும் மாற்றினேன். ஏர் ஃபில்டர் புதிது போட்டேன். ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். ரப்பர் குழாய் ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொன்றும் முடித்து ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அருமையாக ஓடும். சரியாகிவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிடுவேன். மறுநாள் காலையில் பழையபடி ஆடிக்கொண்டு வரும். காற்று உள்ளே போகும் வாயான த்ராட்டில் பாடியை மட்டும் நான் கழற்றவில்லை. கார்த்திகையில், வண்டி ஸ்பேராக நின்றபோது, அதை நானே கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருந்தேன். அங்கே அழுக்கு இருக்க வாய்ப்பில்லை என்று எனக்கு நிச்சயம்.

இப்படியே பொங்கலும் போனது. தைப்பூசம் நெருங்கியது. நாச்சிமுத்து அண்ணன் வருஷா வருஷம் பழனிக்கு நடந்துபோவார். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் போன மறுநாள்தான் வண்டி பல்லடத்தில் நின்றது.

பல்லடம் நால்ரோட்டைக் காலை ஏழரைக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பிரைவேட் பஸ் இரண்டு. ஹார்னிலிருந்து கையையே எடுக்கவில்லையாம். ஸ்டார்ட் செய்வதற்கும் விடவில்லை, ஓரம்கட்டு ஓரம்கட்டு என்று கத்தல். ஏழு பெண்களும் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியைத் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். அந்த மாதத்தில் அது நாலாவது முறை. அன்றைக்குப் பையருக்குப் போக வேண்டிய சாம்பிள் கூரியரைத் தவறவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கண்ணாடி அறையில் நான் நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் நிக்குது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை. அது வாயில் வரவில்லை. "பெட்ரோல் சரியில்லன்னு தோணுது சார். ஏதாவது கலந்திருக்கலாம்," என்றேன்.

பெட்ரோல் போட்ட பங்க்கைத்தான் மனதில் நினைத்துச் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மையா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. மேனேஜர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "ராத்திரி வண்டி அவன் வீட்டு முன்னாலதானே நிக்குது? பெட்ரோல உறிஞ்சிட்டு சீமெண்ணெய ஊத்துறானா?" நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானமே சின்னச்சாமியிடம் சாவியை வாங்கிவிட்டார்கள். துணி ரோல் ஏற்றி இறக்கும் வேலைக்குக் குடோனில் போட்டார்கள். எதற்கு என்று ஒருவரும் அவரிடம் நேராகச் சொல்லவில்லை. ஆனால் கேன்டீனில் மறுநாளே 'சீமெண்ணெய்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வேலை போயிருந்தால்கூட ஊருக்குப் போய் மறுபடி டிராக்டர் ஓட்டியிருப்பார். பெயர் போனது அப்படியில்லை. கேன்டீனில் சிரித்த அதே பெண்கள்தான் சாயங்காலம் கணியூரில் போய் இறங்குகிறார்கள். அவர் முன்னால் ஓட்டி வந்த அதே வண்டியில், பின்சீட்டில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து அவரும் போக வேண்டும்.

வேறு டிரைவர், வேறு பங்க். மூன்றாம் நாள் அதே குலுக்கல். "டேங்க்ல பழைய எண்ணெய் மிச்சம் கெடக்கும்," என்றார் மேனேஜர். ஒரு டேங்க் முழுக்கத் தீர்ந்து அடுத்தது நிரப்பியாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். குடோன் வாசலில் ரோலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த சின்னச்சாமி என்னைப் பார்த்து, "சாப்டீங்களாண்ணா?" என்று வழக்கம்போலக் கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். ஒருவேளை நிஜமாகவே கலந்திருப்பாரோ என்று நம்பப் பார்த்தேன். அப்படி நம்பினால் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது இதை எழுத.

தைப்பூசம் முடிந்து அண்ணன் வந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். செருப்புப் போட முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து கால்களை ஒரு டயர்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பஞ்சாமிர்தத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கு நீட்டும்போது, "சர்ச்சுக்குப் போறவருன்னு விட்டுற முடியுங்களா? உங்களுக்கும் சேத்தித்தான் நடந்தேன்," என்று சிரித்தார். அப்போது கணியூர் வண்டி உள்ளே வந்தது. அவர் கையில் வாழை இலைத் துண்டு அப்படியே நின்றது.

"இது எத்தன நாளாங்க?"

சொன்னேன். சின்னச்சாமியைப் பற்றியும் சொன்னேன், என் வாயிலிருந்து போன வார்த்தையைத் தவிர்த்துவிட்டு.

"அந்தத் தம்பியக் கூப்புடுங்க."

குடோனிலிருந்து சின்னச்சாமி வந்தார். தலையெல்லாம் பஞ்சு. அண்ணன் தன் ஸ்டூலிலிருந்து எழுந்து, கொப்புளக் காலோடு நின்றுகொண்டு, அவரை உட்காரச் சொன்னார். மூன்று கேள்வியையும் கேட்டார். மூன்றாவது கேள்வி வந்ததும் சின்னச்சாமி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன்பு என்னிடம் சொன்னதையே, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார்.

"ஆஃப் பண்ணிப்போட்டு மறுக்கா போட்டா ஒரு பத்து நிமிசம் நல்லாருக்குதுங்க."

"பெட்ரோலு கெட்டிருந்தா ஆஃப் பண்ணுனா நல்லாயிருமுங்களா?" என்று அண்ணன் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

சீட்டைத் தூக்கினோம். டம்ளர் வைத்தார். மூன்று சிலிண்டருக்கும் போகும் ஒயரை ஒவ்வொன்றாக என்னைக் கழற்றி மாட்டச் சொன்னார். வேலை செய்கிற சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாகும். முதலாவதில் அப்படி ஆனது, இரண்டாவதிலும் ஆனது. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடந்தது. வண்டியை ஆஃப் செய்து மறுபடி போடச் சொன்னார். இப்போது மூன்றும் நன்றாக வேலை செய்தன. டம்ளர்த் தண்ணீரில் ஒரே சீரான வட்டம். அவர் வாட்ச்சைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பதாவது நிமிஷம் தண்ணீர் துள்ளியது. மூன்றாவது சிலிண்டர் மறுபடி செத்தது.

"உள்ள எதுவோ எந்திரிச்சுப் போயி உக்காருதுங்க," என்றார். "எஞ்சின் இழுக்கறப்ப எந்திரிக்குது. ஆஃப் பண்ணுனா கீழ உழுந்துருது. த்ராட்டில் பாடியக் கழட்டுங்க."

"அத நானே கழுவி மாட்டினேன்ணே. அங்க ஒண்ணும் இருக்காது."

"நீங்க கழட்டுனதுனாலதானுங்க அங்க பாக்கச் சொல்றனுங்க. கழட்டுங்க."

மூன்று 'ங்க' வந்துவிட்டது. கழற்றினேன். அவர் ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, டார்ச் அடித்து, உள்ளே விட்டுத் துழாவினார். சிக்கியது. கறுப்பாக, வழவழவென்று, செத்த எலி மாதிரி ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு டப்பாவில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, குழந்தையின் கால்சட்டையைக் கசக்குவது போல நிதானமாகக் கசக்கினார். கறுப்பு இறங்க இறங்க உள்ளேயிருந்து பச்சை வந்தது. நல்ல கிளிப்பச்சை.

கிளிப்பச்சை எங்கள் கம்பெனியில் ஒரே ஒரு வாரம்தான் ஓடியது, கார்த்திகைக் கடைசியில். கண்ணைக் குத்துகிற நிறம், யார் போடுவார்கள் என்று அப்போது எல்லாரும் கேலி செய்தோம். அந்த வாரம்தான் நான் த்ராட்டில் பாடியைக் கழற்றினேன். திறந்த வாயில் கைக்குக் கிடைத்த பிறைத் துண்டை ஆழமாகத் திணித்தேன். வால் விட நீளம் போதவில்லை. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று விட்டேன். அப்போது பார்த்துக் கரண்ட் போய், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தேன். கழுவிய பாகம் பளபளவென்று மேஜைமேல் இருந்தது. எடுத்து மாட்டிவிட்டேன். அந்த வாரம் சின்னச்சாமி இந்தக் கம்பெனியிலேயே இல்லை.

அண்ணன் சின்னச்சாமியை, "நீங்க போயி ஒரு டீ சாப்டுட்டு வாங்க கண்ணு," என்று அனுப்பினார். துணியைப் பிழிந்து ஒயரில் தொங்கவிட்டார். ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதுதான் மேனேஜரிடம் நான் சொன்ன வார்த்தையை அவரிடம் சொன்னேன். அவர் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேஸ்கெட் லீக்குன்னு சொல்லிருவமா? வண்டியும் சரியாயிட்டு. அவருக்கும் வேல திரும்பக் கெடச்சிரும்."

"சொல்லலாமுங்க," என்றார். "ஆனா அந்தச் சீமெண்ணெய் என்னாச்சுன்னு யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுங்க?"

கேஸ்கெட், அதாவது இணைப்பில் வைக்கும் அட்டை, என்று சொன்னால் வண்டிதான் சரியாகும். அவர் கலந்தார் என்பதும் அப்படியே நிற்கும், இப்போது கேஸ்கெட்டும் போயிற்று என்று சேர்த்துக்கொள்வார்கள். அது எனக்கு அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. ஃபோர்மேன் வேலையை நினைத்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை, உண்மை சொல்லத் தைரியமும் இல்லை. ஒயரில் தொங்கிய துணியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அண்ணன் என்னை அவசரப்படுத்தவும் இல்லை, கூட வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. அதற்கு எனக்குக் கோபம்கூட வந்தது. கடைசியில் துணியை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன்.

மேனேஜர் துணியைப் பார்த்ததுமே, "இது கார்த்திகையில போன பச்சை ஆர்டராச்சே?" என்றார். நிறத்தை மறக்கிறவர் இந்த ஊரில் மேனேஜராக இருக்க முடியாது. எங்கே இருந்தது, யார் வைத்தது என்று சொன்னேன். சின்னச்சாமி எதையும் கலக்கவில்லை, நான்தான் தெரியாமல் உளறினேன் என்றும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஒரு மெமோ கொடுத்தார். "அவன நாளைலருந்து வண்டிய எடுக்கச் சொல்லுங்க," என்றதோடு அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார். ஃபோர்மேன் வேலை எனக்கு வந்தது, ஒரு வருஷம் தள்ளி வந்தது. அது நியாயம்தான்.

மறுநாள் சின்னச்சாமி வண்டி எடுத்தார். கேன்டீனில் மத்தியானம் யாரோ, "சீமெண்ணெய் வந்தாச்சு!" என்றார்கள். மேனேஜர் அறைக்குள் சொன்னது மேனேஜர் அறைக்குள்ளேயே இருந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் விட்டதும் நானும் கணியூர் வண்டியில் ஏறினேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். அருள்புரம் தாண்டியதும் பையிலிருந்து துணியை எடுத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "இது உங்க வண்டிக்குள்ள இருந்துச்சு," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரிடம் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

அவர்களில் மூத்தவர் சரஸ்வதி அக்கா. துணியை வாங்கி விரித்துப் பார்த்தார். "ஆர்ம்ஹோல் கட்டிங். எல் சைஸு," என்றார், ஆபீசர் மாதிரி. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, நாங்க நாலு தடவ ரோட்டுல எறங்கி வண்டி தள்ளுனது இந்தத் துண்டுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"இத வெச்சுக்கிட்டு எங்க சின்னச்சாமியச் சீமெண்ணெய் ஆக்கீட்டீங்களே," என்றார். அவர் சிரிக்கவில்லை. பின்சீட்டில் ஒரு பெண் மெதுவாக, "நானும்தானே அப்புடிக் கூப்புட்டேன்," என்றாள்.

பல்லடம் நால்ரோட்டில் வண்டி நின்றது. எஞ்சின் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் திரும்பிப் போக பஸ் கிடைக்கும் இடம் அது. சின்னச்சாமி அதுவரை ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் கதவைத் திறந்தபோது பேசினார்.

"அன்னைக்கே சொன்னனுங்ண்ணா. ஆஃப் பண்ணிப்போட்டாச் சரியாயிருதுன்னு. நீங்க காதுலயே வாங்கிக்கல."

நான் இறங்கினேன். பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது. அவர் சரஸ்வதி அக்காவிடமிருந்து துணியை வாங்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் ஷெட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அந்தக் கிளிப்பச்சைத் துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்தார். அதற்கு அடுத்த நாளும் துடைத்தார். கணியூரிலிருந்து வந்த தூசியையெல்லாம் என் கண்முன்னால்தான் துடைப்பார். "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்பார், மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. 'சீமெண்ணெய்' இரண்டு வாரத்தில் மறைந்தது. துண்டு மறையவில்லை. துவைத்துத் துவைத்து வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. அண்ணன் ரிட்டயர் ஆகிப் போனார், நான் ஃபோர்மேன் ஆனேன், ஷெட்டுச் சுவரில் 'துணிக்கு வால் வை' என்று பெயின்ட்டில் எழுதினேன். அதற்குக் கீழேயே நின்று அவர் கண்ணாடி துடைப்பார். காலையில் அந்தப் பச்சையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே சில நாள் உள்ளே ஏதோ வேலை இருப்பது போலப் போயிருக்கிறேன்.

இப்படி நாலு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை வண்டியை நிறுத்திவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். கையில் அந்தத் துண்டு, நிறம் வெளுத்து, நடுவில் கிழிந்து, வலை மாதிரி ஆகியிருந்தது. அதைக் குப்பை டிரம்மில் போட்டார்.

"கண்ணாடி தொடைக்க ஒரு துணி குடுங்ண்ணா."

மூட்டையைப் பிரித்து நல்ல பெரிய துண்டாகத் தேடினேன். அந்த வாரம் வெள்ளை ஆர்டர். ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் அதை விரித்து நீளம் பார்த்தார், சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் நீளமாக் குடுங்ண்ணா. வால் பத்தாது," என்றார். "நீங்க எங்காச்சும் மறந்து வெச்சுட்டீங்கன்னா?"

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார்.